அகராதியின் கறுத்த பாதி

மடத்துக்கு வருகிறவர்கள் பூ கொண்டு வருவார்கள், பழம் கொண்டு வருவார்கள். வைத்தியலிங்கம் அன்று நான்கு புத்தகங்களோடு வந்தார்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருந்தது அந்த மடம். மடம் என்று பெயர்தான். ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, கிணற்றடியில் இரண்டு முருங்கை மரங்கள். அங்கே இருந்த சாமிக்கு நாற்பத்தோரு வயது. சீடராக வந்து சேர்ந்த வைத்தியலிங்கத்துக்கு அறுபத்துமூன்று. மகன் வயசு ஆளிடம் போய் இந்த மனுஷர் என்னத்தைக் கற்றுக்கொள்கிறார் என்று ஊரில் சிரித்தவர்கள் உண்டு. வைத்தியலிங்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனைவி போன பிறகு வீட்டில் பேச ஆள் இல்லை. சாமியும் அதிகம் பேசாதவர். ஆனாலும் ஒருவர் பேசாமல் இருக்கும் வீடும் ஒருவருமே இல்லாத வீடும் ஒன்றல்ல.

சாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாமி, நீங்க தாய்லாந்துல இருந்தவங்க. இதுல எதை எடுத்துட்டுப் போறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

சாமி இளம் வயதில் ஏழு வருடம் தாய்லாந்தில் திரிந்தவர். அங்கே கோயில்களில் கூட்டிப் பெருக்கிச் சாப்பிட்டார் என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

கைபேசியே மொழிபெயர்த்துச் சொல்லும் காலம் அப்போது வரவில்லை. அந்நிய ஊருக்குப் போகிறவன் புத்தகத்தைத்தான் நம்ப வேண்டும். சென்னையில் இருந்த மைத்துனர் கடைகடையாக ஏறி இறங்கி நான்கை அனுப்பியிருந்தார். முதல் புத்தகம் சட்டைப்பையில் அடங்கும். விமான நிலையம், ஓட்டல், பேரம், வயிற்றுவலி என்று தலைப்புப் போட்டு வாக்கியங்கள். இரண்டாவதும் அதே ஜாதிதான், படங்கள் அதிகம், வயிற்றுவலி இன்னும் விரிவாக இருந்தது. மூன்றாவது தலையணை கனத்தில் ஓர் அகராதி, இங்கிலீஷ் சொல்லுக்குத் தாய்லாந்துச் சொல். நான்காவதும் அகராதிதான், எறும்பு ஊர்கிற எழுத்து.

வைத்தியலிங்கம் முப்பத்துமூன்று வருடம் சர்வேயராக இருந்தவர். நிலத்தை மட்டுமல்ல, எதையுமே அளக்காமல் தொடமாட்டார். நான்கு புத்தகங்களின் நிறைகுறைகளைக் கட்டம் போட்ட தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தார்.

சாமி தாளைப் பார்க்கவில்லை.

"அங்க போய் என்ன பேசப் போறீங்க ஐயா?"

அதற்கும் ஒரு தாள் இருந்தது. பதினான்கு வாக்கியங்கள், வரிசை எண்ணோடு. முதலாவது, நான் குமணனின் தந்தை. பதினான்காவது, நன்றி, போய் வருகிறேன். நடுவில் ஒன்பதாவது, என் மகனின் அஸ்தியைக் கொடுங்கள்.

குமணன் அவருக்கு ஒரே மகன். இறால் குஞ்சு பொரிக்கும் தொழில் படித்தவன். தாய்லாந்தின் தெற்குக் கடலோரத்தில் ஒரு பண்ணைக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே சுனீ என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். பன்னிரண்டு வருடத்தில் இரண்டு தரம் ஊருக்கு வந்தான், இரண்டு தரமும் தனியாக. எட்டு மாதத்துக்கு முன்னால் மாரடைப்பில் இறந்துபோனான். அப்பாவிடம் பாஸ்போர்ட் இல்லை. அவர் அதற்கு அலைந்துகொண்டிருக்கும்போதே அங்கே எரித்துவிட்டார்கள். அஸ்தி அந்த ஊர்க் கோயிலில் இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்று பண்ணைக்காரர்கள் இங்கிலீஷில் கடிதம் எழுதினார்கள். சுனீக்கு இங்கிலீஷ் தெரியாது என்றும் அதில் ஒரு வரி இருந்தது.

மகனைக் கொண்டுவந்து கோடியக்கரைக் கடலில் கரைக்க வேண்டும். வைத்தியலிங்கத்துக்கு வாழ்க்கையில் இனிச் செய்ய இருந்த காரியம் அது ஒன்றுதான்.

சாமி பதினான்கையும் படித்தார்.

"அந்தப் பொண்ணு பதில் சொன்னா?"

"என்ன சொல்லப் போறா? தர்றேம்பா, இல்ல தரமாட்டேம்பா. அந்த ரெண்டுக்கும் அவங்க பாஷையில என்னன்னு நெட்டுருப் பண்ணிட்டேன்."

சாமி ஆய்ந்த கீரையைக் கூடையில் அள்ளிப் போட்டார்.

"நாளைக்கு விடிஞ்சதுலேருந்து பொழுது சாயிற வரைக்கும் நான் தாய்லாந்து பாஷைதான் பேசுவேன். நாலு புத்தகத்தையும் வச்சுக்குங்க. பேசிப் பாருங்க."

வைத்தியலிங்கத்துக்கு ஏக மகிழ்ச்சி. இப்படி ஒரு பரீட்சை கிடைக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். முதல் வாக்கியத்தைச் சொன்னார். சாமி தலையசைத்தார். பதினான்கையும் வரிசையாகச் சொன்னார். பிறகு முதல் புத்தகத்தைத் திறந்து ஓட்டல் எங்கே, இது என்ன விலை, எனக்கு வயிறு வலிக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சாமி ஒவ்வொன்றுக்கும் நிதானமாக நீளமாகப் பதில் சொன்னார். கையை மட்டும் மடியிலேயே வைத்திருந்தார், எதையும் சுட்டிக் காட்டவில்லை.

வைத்தியலிங்கம் பக்கங்களைப் புரட்டினார். தலையணைப் புத்தகத்தைப் புரட்டினார். காதில் விழுந்த ஒலி எந்தப் பக்கத்திலும் இல்லை. இருந்தால்தான் என்ன, அந்த எழுத்தை அவருக்குப் படிக்கத் தெரியாது.

உச்சிவேளைக்குப் பசி எடுத்தது. மடத்தில் மத்தியானம் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. அன்று யாரும் கூப்பிடவில்லை. பக்கத்தில் சாப்பாட்டுக்கடை இருக்கிறதா என்று புத்தகத்தைப் பார்த்துக் கேட்டார். சாமி ஏதோ சொன்னார். திரும்பக் கேட்டார். சாமி திரும்பவும் சொன்னார். நான்கு தரம் சொன்னார். வைத்தியலிங்கம் கிணற்றில் இறைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பொழுது சாய்ந்தது.

"என்ன சாமி சொன்னீங்க?"

"உங்களுக்குச் சோறு எடுத்து மூடி வச்சிருக்கேன், போய்ச் சாப்பிடுங்கன்னு சொன்னேன்."

வைத்தியலிங்கம் சமையல்கட்டைத் திரும்பிப் பார்த்தார். தட்டுப் போட்டு மூடிய பாத்திரம் வாசலிலேயே இருந்தது. பசியில் மனுஷருக்குக் கோபம் வரும். வந்தது.

"எனக்கு எப்படிங்க சாமி தெரியும்? அந்தப் பக்கம் ஒருத்தர் பேசிக்கிட்டே இருந்தா நான் என்னத்தைக் கண்டேன்? அவளும் இப்படித்தான் அன்னைக்கு..."

நிறுத்தினார்.

"அன்னைக்கு?"

"ஒண்ணுமில்லைங்க."

சாமி எழுந்து போய்ச் சோற்றை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார். வைத்தியலிங்கம் தொடவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கல்யாணம் ஆன புதுசுல ஒரு நாள் குமணன் போன் பண்ணினான். அவ பேசணுங்கிறாப்பான்னு அவகிட்ட குடுத்துட்டான். அவ பேசினா. எனக்கு ஒரு எழவும் புரியலை. போனை மேசை மேல வச்சுட்டுப் போய்த் தண்ணி குடிச்சேன். திரும்பி வந்தப்பவும் பேசிக்கிட்டுத்தான் இருந்தா. ரெண்டு நிமிஷம் இருக்கும். சத்தம் நிக்கிற வரைக்கும் இருந்துட்டு, லைன் சரியில்லைடான்னு சொல்லி வச்சுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவ பேசலை. அவனும் பேச்சைக் குறைச்சுட்டான்."

சாமி தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினார்.

"உங்க பையன் அங்க போன புதுசுல எப்படிப் பேசினாரு?"

"ஒரு அகராதி வச்சிருந்தான். அவன் சாமான்களோட வந்திருக்கணும்."

"வந்திருக்கணுமா?"

"பெட்டியைப் பிரிக்கலை சாமி."

"கொண்டாங்க."

பண்ணையிலிருந்து வந்த அந்த அட்டைப்பெட்டி மாதக்கணக்காகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வைத்தியலிங்கம் மறுநாள் காலை சன்னலை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பிரித்தார். மூன்று சட்டைகள். ஒரு சவரப் பெட்டி. ஒரு கைக்கடிகாரம், ஓடிக்கொண்டிருந்தது. கட்டியவன் போய்விட்டான், அது பாட்டுக்கு இத்தனை நாளும் கட்டிலுக்கு அடியில் ஓடியிருக்கிறது. வெற்று வீட்டில் சத்தமாக, "குமணா" என்று ஒரு தரம் கூப்பிட்டார். பிறகு சட்டைகளை மடித்தபடியே திரும்ப வைத்தார்.

அகராதி அடியில் இருந்தது. அட்டை கிழிந்து ரப்பர்பேண்டு போட்டிருந்தது. இறால் தீவனத்தின் வாடை இன்னும் போகவில்லை.

மடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். சாமி அதைத் திறக்கவில்லை. ரப்பர்பேண்டை எடுக்காமலேயே, தாள்களின் ஓரம் தெரியும்படி அவர் முன்னால் பிடித்தார்.

"இதைப் பாத்துச் சொல்லுங்க."

ஓரத்தில் பாதி நேற்று வாங்கியதுபோல் வெள்ளையாக இருந்தது. மறுபாதி விரல் பட்டுப் பட்டுக் கறுத்து, பிசுக்கேறி, மழுங்கிப் போயிருந்தது. நடுவில் கோடு கிழித்த மாதிரி எல்லை.

"ஒரு பாதியைத்தான் நல்லாப் புரட்டியிருக்கான்."

"எந்தப் பாதி?"

"இங்கிலீஷ்லேருந்து அவங்க பாஷைக்குப் போற பாதியாத்தான் இருக்கும். போன ஊர்ல பேசணும்னா அதைத்தானே புரட்டணும்."

"திறங்க."

திறந்தார். வெள்ளைப் பாதிதான் இங்கிலீஷில் தொடங்கியது. கறுத்த பாதியில் தாய்லாந்து எழுத்து முன்னால் நின்றது. அதன் பக்கத்தில் இங்கிலீஷ்.

"அந்த எழுத்து உங்க பையனுக்குப் படிக்க வருமா?"

"வராது சாமி. பேச்சு வந்துட்டு, எழுத்து மட்டும் ஏறவே மாட்டேங்குது, ஜிலேபி பிழிஞ்ச மாதிரி இருக்குப்பான்னு எழுதியிருந்தான்."

"அப்ப யாரு புரட்டினது?"

சாமி கீரை ஆயப் போய்விட்டார்.

வைத்தியலிங்கம் முருங்கை நிழலில் உட்கார்ந்தார். கறுத்த பாதியில் சில சொற்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடு இருந்தது. குமணனுக்குக் காட்டிய சொல்லுக்கெல்லாம் சுனீ கோடு போட்டு வைத்திருக்கிறாள். திரும்பக் காட்டும்போதெல்லாம் இன்னொரு கோடு. வைத்தியலிங்கம் இங்கிலீஷ் பக்கத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார். மழை. நண்டு. வெட்கம். பசி என்பதற்கு எண்ணி மாளாத கோடுகள். பொய் என்பதற்கு ஒன்று, அதையும் பிறகு அழித்திருந்தாள். அவருக்குச் சிரிப்பு வந்தது.

மாமனார் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பதினொரு கோடுகள் இருந்தன.

அவர் தாளைத் திருப்பவில்லை. வெகுநேரம் கழித்துத் திருப்பினார். கோபம் என்பதற்கு நான்கு. எப்போது என்பதற்கு ஒன்பது.

மனைவியைத் தூக்கிக்கொண்டு போனபோது அவர் அழவில்லை. மகன் செய்தி வந்தபோது தாலுகா ஆபீசுக்கும் பாஸ்போர்ட் ஆபீசுக்கும் அலைந்தாரே தவிர அழவில்லை. இப்போது முருங்கை மரத்தடியில், வருகிறவர் போகிறவர் பார்க்க, அழுதார்.

"என்னைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கா சாமி."

சாமி கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எந்தப் புத்தகம் என்று வைத்தியலிங்கம் அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான்கையும் மைத்துனருக்கே திருப்பி அனுப்பிவிட்டார். கிழிந்த அகராதிக்கு நல்ல அட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு அந்த மாதக் கடைசியில் கிளம்பினார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் மடத்துக்கு வந்தார். வெயிலில் கறுத்திருந்தார். கையில் புத்தகம் ஒன்றும் இல்லை.

"பதினாலையும் சொன்னீங்களா ஐயா?"

"முதல் வாக்கியம் சொன்னேன். அதுக்குள்ள அவ அழுதுட்டா. என்ன பண்றதுன்னு தெரியலை. அகராதியைக் கையில குடுத்தேன். வாங்கி மோந்து பாத்தா."

"அப்புறம்?"

"உக்காந்து பிரிச்சா. பசின்னு காட்டினா. தேடவே இல்லை சாமி, தானாத் திறந்துக்கிச்சு."

"சாப்பிட்டீங்களா?"

"ஒரே உறைப்பு. சாப்பிட்டேன்."

சாமி சிரித்தார்.

"மறுநாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா. மதில்ல வரிசையா மாடம் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒருத்தரோட அஸ்தி. போட்டோ பதிச்ச கல்லை வச்சு மூடிப் பூசிடுறாங்க. குமணனோடது மட்டும் எட்டு மாசமாத் திறந்தே கெடக்கு. கல்லு தயாரா கீழ சாத்தி வச்சிருக்கு. கோயில்ல இருந்த பெரியவரு அவகிட்ட ஏதோ சொன்னாரு. பல தரம் சொன்னவரு மாதிரி இருந்துச்சு."

"ஏன் மூடலை?"

"நானும் கையால அதைத்தான் கேட்டேன். அகராதியைப் பிரிச்சா. அப்பான்னு காட்டினா. அப்புறம் காத்திருன்னு காட்டினா."

கடல் இரைந்தது. வைத்தியலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாடத்துலேருந்து கலயத்தை எடுத்து ரெண்டு கையாலயும் என்கிட்ட நீட்டினா. கேக்காமயே நீட்டிட்டா சாமி. கேட்டு அவ தரமாட்டேன்னா என்ன சொல்றதுன்னு எழுதி வச்சிருந்தேன். கேக்காமக் குடுத்தா என்ன சொல்றதுன்னு எழுதலை."

"என்ன பண்ணினீங்க?"

"ஒரே ஒரு எலும்பு எடுத்துக்கிட்டேன். கலயத்தை அவகிட்டயே குடுத்துட்டேன். முந்தாநாள் கோடியக்கரையில விட்டாச்சு."

"கல்லு?"

"நான்தான் வச்சேன். முப்பத்துமூணு வருஷம் எல்லைக்கல்லு நட்டிருக்கேன். ஒரு நாளும் இன்னொரு கை வேண்டியிருந்ததில்லை. அவ ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டா."

பிறகு வைத்தியலிங்கம் தானாகவே சொன்னார்.

"கெளம்புற அன்னைக்குத்தான் வெள்ளைப் பாதியைப் புரட்டினேன். டெலிபோன்னு காட்டினேன். அன்னைக்குன்னு காட்டினேன். என்னன்னு காட்டினேன்."

"புரிஞ்சுதா அவளுக்கு?"

"என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அகராதியை வாங்கி மூடி வச்சுட்டா. மூடிட்டுப் பேசினா."

"எவ்வளவு நேரம்?"

"கடிகாரத்தைப் பாக்கலை சாமி."

"என்ன சொன்னா?"

"தெரியாது. ஒரு சொல்லுகூட வெளங்கலை. அவ முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன், முடியிற வரைக்கும்."

"அகராதி எங்க?"

"அவகிட்டயே விட்டுட்டு வந்துட்டேன். அது அவளோடதுதானே."

வைத்தியலிங்கத்தின் குரல் இறங்கியது.

"நேத்து ராத்திரி முழுக்க அதேதான் சாமி. வீட்டுல ஒரு சத்தம் கெடையாது, அவ குரல் மட்டும் காதுல ஓடிக்கிட்டே இருக்கு. என்ன சொல்லியிருப்பா? அது தெரியாமயே நான் போய்ச் சேந்துடுவேனா?"

சாமி அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்தபடியே தாய்லாந்து மொழியில் நிதானமாக ஒரு வாக்கியம் சொன்னார். அன்றுபோலவே கையை மடியிலேயே வைத்திருந்தார்.

வைத்தியலிங்கம் சாமியைப் பார்த்தார். பிறகு எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். பாத்திரத்தின் மேல் இருந்த தட்டை எடுத்தார். சோறு இருந்தது.